பக்கம் பதினைந்து

நூலகப் பதிவேட்டில் நான் எழுதியது:
பக்கம் பதினைந்து. சேதம். ஓட்டை ஒன்று.
அபராதம் இரண்டு யூரோ.

ஹோர்னாட் ஆற்றுக்கு அப்பால்
குழாய்த் தண்ணீர் எட்டாத ரோமா குடியிருப்பிலிருந்து
நடந்து வருகிறவள் ஷானெட்டா.
கதையில் வண்டி கட்டி வருபவனுக்கு
அவள் மாமாவின் மீசை.
கக்கத்தில் ஒரு கோழி, திருடியது.
கடைசியில் அவனை ஊரைவிட்டுத் துரத்துவார்கள்,
பிறகு எல்லோரும் சுகமாக இருப்பார்கள்.

முதலில் ரப்பரால் தேய்த்திருக்கிறாள்.
அச்சு மை அசையவில்லை.
எச்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறாள்.
காகிதம் நைந்து, திரிதிரியாகி,
கோழி இருந்த இடத்தில்
கோழி அளவுக்கே ஓட்டை.

"ஏன் இப்படிச் செய்தாய்?"
"அவர்கிட்ட கோழி இல்லை" என்றாள்,
சாட்சிக் கூண்டில் நிற்பவள் மாதிரி.

இருபத்திரண்டு வருடமாக
இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன்.
கோழி வரும் இடத்தில் குரலை ஏற்றுவேன்,
பிள்ளைகள் கொக்கரிப்பார்கள்.
பின்வரிசையில் யார் யார் கொக்கரிக்கவில்லை என்று
நிமிர்ந்து பார்த்ததில்லை.

பத்து சென்ட் காசுகள், இருபது.
மேசையில் எண்ணி வைத்தாள்.
ரசீது கேட்டாள்.
கொடுத்தேன்.

அவள் போனபின் புத்தகத்தை மூடப் போனேன்.
ஓட்டை வழியே
பதினேழாம் பக்கம் தெரிந்தது:
ஊர்த்தலைவர் வீட்டு விருந்து,
வெள்ளித் தட்டு,
கால்கள் கட்டி, பொன்னிறமாய் வெந்த
கோழி.

இரண்டு பக்கமும்
எனக்கு மனப்பாடம்.