இருநூறு மீட்டர்

திரியெஸ்தே, ஏப்ரல்.
வீட்டிலிருந்து இருநூறு மீட்டர், அதற்குமேல் கூடாது.
அளந்து பார்த்தேன்:
மருந்துக்கடையின் பச்சைச் சிலுவை வரை போகலாம்.
கடல் இருநூற்று நாற்பதில்.

ஆகவே முற்றத்திலேயே நடந்தேன்,
நூலகத்துக்குத் திருப்பித் தர முடியாத
தடித்த நாவலோடு.
சுற்றுக்கு ஒரு பக்கம்.
திருப்பத்தில் ஃபூர்லானின் சைக்கிள்;
அதில் முட்டிக்கொண்ட வரிகள் மட்டும்
இன்னும் முழங்காலில் இருக்கின்றன.

மூன்றாம் மாடியிலிருந்து நெரீனா கேட்பாள்:
"இப்போ எங்கே?"
"ஒதெஸ்ஸா. பனி கொட்டுகிறது."
"மாவு கிடைக்கிறதாமா அங்கே?"

முந்நூற்றுத் தொண்ணூறாம் சுற்றில்
கதை முடியாமலே புத்தகம் தீர்ந்துபோனது.
கடைசிப் பதினாறு பக்கங்களை
எவரோ, என்றைக்கோ, சுத்தமாகக் கிழித்திருந்தார்.

வெளியே போகக் காரணம் எழுதும் படிவம்
வாரத்துக்கொரு வடிவில் மாறிக்கொண்டிருந்தது.
பழையவற்றின் பின்பக்கம் வெள்ளை.
நான் பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பவள்,
நாலு வரிக்கு மேல் எழுதியது
அபராதச் சீட்டில்தான்.
எழுதினேன், அடித்தேன்.
நாயகியைப் படகில் ஏற்றினேன், இறக்கினேன்,
மறுபடி ஏற்றினேன்.
கிழட்டு நாயைச் சாகவிட மனம் வரவில்லை.
நெரீனா கயிற்றுக் கூடையில் பசை இறக்கினாள்.

ஜூனில் நூலகம் திறந்தது.
"அபராதம் கிடையாது" என்றார் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒருவர்.
பிரித்தும் பார்க்கவில்லை,
பெட்டிக்குள் போட்டார்,
பத்து நாள் தனிமைக்கு.

அப்புறம் இருநூற்று நாற்பது மீட்டர் நடந்தேன்.
கடல் அங்கேதான் இருந்தது.

இந்நேரம் யாராவது,
'வெளியே செல்லும் காரணம்' என்று அச்சிட்ட தாளைப் புரட்டி
அந்த நாய் பிழைத்துக்கொண்டதைப்
படித்துக்கொண்டிருக்கலாம்.