மூன்று புள்ளி ஒன்று ஏழு ஐந்து

இயந்திரம் வாங்கும் முன்பே
அலகுகளை வாங்கிவிட்டேன்.
பதினோராம் மாதம் பதினோராம் தேதி,
நள்ளிரவு மலிவு விற்பனை,
பத்து அலகுகள் முப்பத்தொன்பது வெள்ளி.

"எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசுறே" என்றான் முகுந்தன்.
நெய் கையில் இருந்தது.
எருமைதான் இல்லை.

ஜெலுத்தோங்கில் எங்கள் தரைவீடு.
கார் நிறுத்தும் இடத்தில் மைவி போக மிச்சம்
மூன்றடிக்கு ஏழடி.
ஒரு மீட்டர் மேடை உள்ள இயந்திரத்தைச்
சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்தேன்.
கோட்டுக்குள் மைவியின் பின்சக்கரம்.
அழித்துவிட்டு அறுபது சென்டிமீட்டர்.
துணிக்கொடியின் கால் இடித்தது.
நாற்பது.
நாற்பதுக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து
செய்ய நினைத்தவை எல்லாம் நுழையுமா என்று எண்ணிப் பார்த்தேன்:
கடிகார முகம், இட்லி பரிமாறும் தட்டு,
பக்கத்து வீட்டு ரோஸ்னா அக்கா கேட்ட குர்ஆன் தாங்கி.
கட்டில் தலைப்பலகை நுழையவில்லை. போகட்டும்.
இரவு மழை வந்து
மூன்று இயந்திரங்களையும் சேர்த்துக்
கழுவிக்கொண்டு சாக்கடைக்குப் போனது.

இரும்புக்கடை ஊய்
சீன நாளிதழை விரித்து இரண்டு அலகுகளை வைத்தார்.
முறுக்கு எதிரெதிர்.
ஒன்று தூளை வாரி மேலே எறியும்;
பலகையின் மேல்விளிம்பு
கரை பிரிந்த சேலை மாதிரி நூல் நூலாக நிற்கும்.
மற்றது தூளைக் கீழே அமுக்கும்;
மேல்விளிம்பு சவரம் செய்த கன்னம்,
ஆனால் பள்ளத்துக்குள் தூள் அடைத்து மூச்சு முட்டும்.

எது நல்லது என்று மலாயில் கேட்டேன்.
என்ன மரம் என்றார்.
மெராந்தி. சில நேரம் ரப்பர்.
எந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள் என்றார்.

அந்தக் கேள்வியை
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
வாங்கியது ஒன்றுமில்லை.

இயந்திரம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வந்தது.
இரண்டாயிரத்து நூறு.
தூசி உறிஞ்சிக்கு அறுநூறு;
இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை,
ரோஸ்னா அக்காவின் வெள்ளைத் துணிகள்தான் சொல்லின.

அலகின் தண்டைப் பிடிக்கும் வாய் ஆறு மில்லிமீட்டர்.
என் அலகுகள் ஒல்லி, தெரியும்,
அதற்காக மூன்று மில்லிமீட்டர் வாய் தனியாக வாங்கி வைத்திருந்தேன்.
நுழையவில்லை.
திருப்பினேன். எண்ணெய் போட்டேன்.
முகுந்தன் சுத்தியலை எடுத்தான், பிடுங்கி வைத்தேன்.
பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது:
மூன்று புள்ளி ஒன்று ஏழு ஐந்து.

வெள்ளைக்காரன் தன் அங்குலத்தை
எட்டாக மடித்து
எங்கள் கார் நிறுத்துமிடம் வரை அனுப்பிய மிச்சம்.
இரண்டு மயிரிழை கனம் இருக்குமா?
அதற்காக இன்னொரு வாய், பதினெட்டு வெள்ளி,
இன்னொரு பத்து நாள்.

முதல் வெட்டு ரப்பர் பலகையில்.
பயத்தில் ஆக மெதுவாக ஓட்டினேன்.
பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள்;
பொறுத்த இடமெல்லாம் கருகியது.
மூலைகளில் அலகு நின்று யோசித்தது,
யோசித்த இடத்தில் கறுப்பு வட்டம்.
தீய்ந்த பாலின் வாசனை.
வேகத்தைக் கூட்டு என்று
மரம் சொல்ல நான் கேட்டது அன்றுதான்.
கூட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே.
டிக்கென்று ஒரு சத்தம்.
மிச்சம் ஒன்பது.

ஊயிடம் திரும்பிப் போனேன்.
கீழே அமுக்கும் அலகு, ஒன்றே ஒன்று,
அறுபத்தெட்டு வெள்ளி.
ரசீதை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.
முகுந்தன் அரிசி களைவதில்லை.

இப்போது வாசலில் எங்கள் வீட்டு எண் இருக்கிறது,
மெராந்தியில், ஊடுருவி வெட்டிய இருபத்தேழு.
விளிம்பில் விரல் ஓட்டிப் பார்த்த தபால்காரர்
கடையில் வாங்கியதா என்றார்.
சுவரைப் பார்க்கும் பக்கம்
இன்னும் நூல் நூலாகத்தான் இருக்கிறது.
அங்கே எறும்புகள் போகும்.
மைவி வெளியே நிற்கிறது, மழையில்.