213, 214-ஆம் பக்கங்கள்

செட்டிச்சாவடி எடைமேடையில் எனக்கு இராப்பணி.
காலி லாரியை ஒருமுறை நிறுப்பேன்,
வெள்ளைக்கல் ஏற்றி வந்ததும் மறுமுறை.
கழித்தால் சரக்கு.
இடைப்பட்ட நேரத்தில்தான் அந்த நாவலைப் படித்தது,
நாலு தடவை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
முப்பது ரூபாய்க்கு வாங்கியது. மொழிபெயர்ப்பு.
ஆளில்லாத ஒரு கோள். வெள்ளைத் தரை. காற்றே கிடையாது.
பதிந்த தடம் பதிந்ததுதான், அழியாது.
தனியாக இறங்கிய வானொலிக்காரி
பதினோராம் நாள் ஒரு தடத்தைப் பார்க்கிறாள்,
கப்பலை நோக்கி வருவது,
அவள் காலளவே.

எழுதியவர் எந்த ஊரோ.
எனக்குச் சன்னலைத் திறந்தால் அந்தக் கோள்:
நிலா வெளிச்சத்தில் சுரங்கக் குழி,
அதற்கு மேலே சேர்வராயன்,
கொண்டை ஊசி வளைவில் ஏறும் ஒற்றை விளக்கு
தெரிவதும் மறைவதுமாய்.

212-ஆம் பக்கம் இப்படி முடியும்:
‘தடம் திரும்பிய இடத்தில் அவள் குனிந்து’
அடுத்தது 215.
‘கதவை உள்ளிருந்து பூட்டினாள். பிறகு சிரித்தாள்.’
நடுவில் ஒரு தாள் இல்லை.
கிழித்தவன் நிதானமாகக் கிழித்திருக்கிறான், ஸ்கேல் வைத்து.

குனிந்து என்ன பார்த்தாள்?
முதல் தடவை, அவளுடைய கையுறை என்று வைத்துக்கொண்டேன்.
அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வருஷம்
ஒன்றுமே இல்லை, அதனால்தான் சிரித்தாள் என்று.
போன மழைக்கு, பக்கத்திலேயே ஒரு குழந்தையின் தடம்.

படம் வந்தது. செம்மலையை இழுத்துக்கொண்டு போனேன்,
ஐந்து ரோடு பக்கம்.
கோள் சிவப்பாக இருந்தது.
புயல் அடித்தது. புயல்! காற்றே இல்லாத ஊரில்.
வானொலிக்காரிக்கு ஒரு மகள் முளைத்திருந்தாள்.
நாவலில் அறுபது பக்கம் சும்மா காத்திருப்பாள்,
படத்தில் ஒரு தடவை நகம் கடித்தாள்,
பதினோராம் நாள் வந்துவிட்டது.
(நகம் கடித்தது நன்றாகவே இருந்தது.
நாவலில் அவளுக்கு உடம்பே கிடையாது.)

தடம் வந்தது. அவள் குனிந்தாள்.
என் முழங்கால் முன்சீட்டில் இடித்தது.
இடைவேளை.

பாப்கார்ன் வரிசையில் செம்மலை கேட்டான்,
‘ஏன்டா உனக்கு இப்படி வேர்க்குது?’
திரும்பி வந்து உட்கார்ந்தால்
கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே நிற்கிறாள்.
சிரிக்கவில்லை, மகளின் போட்டோவைப் பார்த்து அழுகிறாள்.
பக்கத்தில் செம்மலையும் அழுகிறான்.

வெளியே தட்டுவடை செட் தின்றுகொண்டே சண்டை போட்டேன்.
பீட்ரூட் துருவலை ஒதுக்கியபடி
‘புக்கைக் குடு, பார்க்கறேன்’ என்றான்.

எட்டு நாள் கழித்துத் தந்தான்.
ஓரமெல்லாம் கல்தூசி, டீ வட்டம் ஒன்று புதிது.
‘நல்லாத்தான் இருக்கு. அதுல அழுவறா, இதுல சிரிக்கறா,
மத்ததெல்லாம் ஒண்ணுதான்.’
‘எதுவும் குறையலையா?’
‘என்ன குறையுது? ஒரு வரி விடாமப் படிச்சேன்டா.’

காலி லாரி ஒன்று மேடையேறிற்று.
ஒன்பது டன் நானூறு என்று எழுதினேன்.
டிரைவர் இறங்கவில்லை,
அவனையும் சேர்த்து.