காலி எடை

காவேரிப்பட்டணம் தாண்டி, மாங்கூழ் ஆலை வாசலில் எடைமேடை.
ஓரத்தில் தகரக் கூரை அறை.
உள்ளே நானும் ஒரு கம்ப்யூட்டரும்.
ஐந்து மணிக்குப் பொத்தானை அமுக்கினால்
அது கண் திறக்க ஐந்தரை ஆகும்.
அதற்குள் பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்
புளியமரம் வரை வால் நீட்டி நிற்கும்.
ஹாரன் ஒவ்வொன்றும் என் பெயர் சொல்லும்:
நாகரத்னா, நாகரத்னா.

முதலில் எழுவது பிரிண்டரின் உதவியாள்.
அந்தப் பிரிண்டர் பழைய இரும்புக்குப் போய் மூன்று வருஷம்.
அடுத்து வைரஸ் காவல்காரன்:
'உங்கள் காலம் முடிந்தது, புதுப்பிக்கவும்.'
விடிந்ததும் கேட்க வேண்டிய வாக்கியமா அது?
பிறகு பஞ்சாங்கம், மணியோசையுடன் ராகு காலம்.
பிறகு குரங்கு பிய்த்துப்போட்ட கேமராவின் மென்பொருள்,
கருப்புச் சதுரத்தைக் காட்டித் 'தேடுகிறேன்' என்னும்.
எனக்கு முன்னால் இங்கிருந்த திம்மராயனின் மகன்
ஊரடங்கில் படித்த ஆன்லைன் வகுப்பு
ஆசிரியருக்காகக் காத்திருக்கிறதாம், இன்னும்.
இத்தனை பேரும் எழுந்து சோம்பல் முறித்தபின்
கடைசியில் வரும்
நான் கூப்பிட்ட ஒரே ஆள்: எடை.

போன ஞாயிறு மழை. லோடு இல்லை.
ஓசூரில் மொபைல் கடை வைத்திருக்கும் சித்தி மகள்
போனில் சொல்லச் சொல்ல
மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினேன்.
பட்டியல் விரிந்தது.
யார் அழைத்ததென்று தெரியாமல்
முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டவர்கள் மாதிரி
வரிசையாக.
ஒவ்வொன்றின் மேலும் வலது சொடுக்கு, 'முடக்கு'.
அழிக்கவில்லை.
இரு, கூப்பிட்டால் வா, அவ்வளவுதான்.
பஞ்சாங்கத்தில் மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது.
போகட்டும், அமாவாசைக்குச் சுவரில் காலண்டர் இருக்கிறது.

கடைசி வரியில் ஒன்று.
தயாரித்தவர் பெயர் இல்லை.
வெள்ளைத்தாள் போல ஒரு சின்னம்.
பதிந்த தேதி போன வருஷம், சீசனுக்கு ஒரு வாரம் முன்.
யார் பெற்ற பிள்ளையோ. அதையும் முடக்கினேன்.

திங்கள் காலை ஐந்து மணி இரண்டாம் நிமிஷம்
எடை எழுந்துவிட்டது.
நான் இன்னும் டீயை வாயில் வைக்கவில்லை.
முதல் வண்டி போச்சம்பள்ளி மாதப்பன்.
ஏற்றியபடி ஒருமுறை நின்றான், இறக்கிவிட்டு ஒருமுறை.
சீட்டை வாங்கி, குழல்விளக்கில் பிடித்து
மறுபடி வாசித்தான்.
"என்னம்மா, எங்க வண்டி எளைச்சிப் போச்சா?
காலி எடை எப்பவும் மூவாயிரத்து முந்நூத்தி இருபது.
இன்னைக்கி எறநூத்தி எம்பதுன்னு போட்டிருக்கு."
டயரைப் பார்த்தான். டீசல் டாங்கைத் தட்டினான்.
சிரித்துக்கொண்டே போனான்.

நாற்பது கிலோ.
போன சீசன் முழுக்க
மாங்காயை இறக்கிவிட்டுத் திரும்பிய ஒவ்வொரு வண்டியிலும்
நாற்பது கிலோ ஒன்றுமில்லாததை
ஏற்றி அனுப்பியிருக்கிறேன்,
என் கையெழுத்தோடு.

பத்து மணிக்கு மேனேஜர் வரதராஜுலு வந்தார்.
"கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் கை வெச்சியா?"
"சீக்கிரம் எழுந்திரிக்க வெச்சேன் சார்."
அவர் வேறெதுவும் கேட்கவில்லை.
சாப்பிட்டுத் திரும்பினால்
என் நாற்காலி யாருக்கோ தகுந்த உயரத்தில் இருந்தது.
பட்டியலின் கடைசி வரி: 'இயக்கத்தில்'.

அழித்துத் தொலை என்கிறாள் சித்தி மகள்.
அழித்தால் வேறு பெயரில் வரும்.
இது இருக்கும் இடமாவது எனக்குத் தெரியும்.

இன்று ஒன்பதாம் நாள்.
நான் போனபின் யாரோ எழுப்புகிறார்கள்,
நான் வந்ததும் படுக்கவைக்கிறேன்.
கடைசி வரி, போனில் ஒரு படம், முடக்கு,
ஒருமுறை அணைத்து ஏற்று.
படங்கள் ஒன்பது சேர்ந்திருக்கின்றன.
யாரிடம் காட்டுவதென்று இன்னும் முடிவாகவில்லை.

இப்போதெல்லாம் அலாரத்துக்கு முன்பே
நாலரைக்கு விழித்துவிடுகிறேன்,
யாரும் அமுக்காமல்.
வாசலில் ஹாரன்.
இளைத்த வண்டி முதல் ஆளாக நிற்கிறது.