அறுபது கிராம்

கட்டியின் எடை அறுபது கிராம்.
ஒரு கிராம் கூடினால் கம்பெனிக்கு நட்டம்,
ஒரு கிராம் குறைந்தால் எனக்கு.
ஓசூர் சிப்காட்டில் எட்டு மணி நேரம்
இதைத்தான் நிறுக்கிறேன்,
முடிக்கு வலையும் வாய்க்குத் துணியும் கட்டிக்கொண்டு.

அட்டைப்பெட்டியில் பச்சை எழுத்து:
'தண்ணீரே சேர்க்காத ஷாம்பு.'
முதல் நாள் படித்தபோது துணிக்குள் சிரித்தேன்.
பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர்த் தொட்டியில்
'தண்ணீர் இல்லை' என்று எழுதிப் போட்டால்
பஞ்சாயத்து கிளார்க்கை வீடுவரை துரத்துவார்கள்.
இங்கே அதற்கு முந்நூற்று நாற்பது ரூபாய்.

பயிற்சி வகுப்பில் சுபலட்சுமி மேடம் சொன்னார்:
"பாட்டில் ஷாம்புல முக்கால்வாசி தண்ணிதான்.
அதை பிளாஸ்டிக்ல அடைச்சு லாரில ஏத்தி
குழாய் இருக்கிற வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கறோம்.
யோசிச்சுப் பாருங்க."
யோசித்தேன்.
அந்த லாரி வழியில்
எங்கள் ஊரில் நின்றிருக்கலாம்.

மூலை உடைந்த கட்டிகள் விற்பனைக்கு ஆகாது,
சனிக்கிழமை எங்களுக்குத் தருவார்கள்.
விடுதி அறையில் ஆறு பேர்.
டேங்கர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
ஆளுக்கு ஒரு பக்கெட், துணிக்கும் அதுவேதான்.
தளியிலிருந்து வந்த மஞ்சுளாவுக்கு முழங்கால் தொடும் முடி.
ஆசை தீரத் தேய்த்துவிட்டாள்.
நுரை வந்தது, வந்துகொண்டே இருந்தது.
"தண்ணியில்லாத ஷாம்புக்குத் தண்ணி ஊத்துங்கடி!"
அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்த,
என் பக்கெட் போனது, ரெஹானாவின் பக்கெட் போனது,
குடிக்க வைத்திருந்த கேனில் பாதியும் போனது.

நாலு இழுப்பு போதும் என்று பிறகுதான் தெரிந்தது.
உள்ளதைச் சொல்ல வேண்டும், கட்டி நல்ல கட்டி.
உப்புத் தண்ணீரில்கூட முடி பிசுக்காகவில்லை.

தை மாதம் புதிதாகப் பல் மாத்திரை வந்தது.
மென்று, தேய்த்து,
ஒரு வாய் தண்ணீரில் கொப்பளித்தால் முடிந்தது.
விளம்பரத்துக்கு எங்களையே படம் எடுக்க வந்தார்கள்.
"துணியை எடுங்க, நல்லா சிரிங்க."
சிரித்தேன்.
கேமரா கொஞ்சம் கீழே இறங்கியது.

என் பல்லில் பழுப்புக் கோடுகள்.
நான் வளர வளர
எங்கள் போர்க்குழாயும் ஆழமாகிக்கொண்டே போனது.
எத்தனை அடி என்று கேட்டால்
வாயைத் திறந்து காட்டலாம்.
போட்டோக்காரர் மரியாதை தெரிந்தவர்.
"வாயை மூடிட்டே சிரிங்களேன்" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திருப்பிப் படித்தேன்.
ஐந்தாவது பெயர் ஃபுளோரைடு.
பல்லுக்கு வலு தருமாம்.
எங்களுக்கு யாரும் அதை
டப்பாவில் போட்டு விற்கவில்லை,
குடத்திலேயே வந்தது, இலவசமாக.

ஃபுளோரைடு சேர்க்காததும் உண்டு, மஞ்சள் மூடி.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒன்று வாங்கினேன்.
கடைசி பஸ்ஸில் தருமபுரி, அங்கிருந்து ஊர்.
அக்கா மகள் கோபிகாவுக்குப் பால்பல் விழுந்து
முன்னால் இரண்டு அரிசி முளைத்திருக்கிறது.
வெள்ளையா என்று விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
இப்போது வெள்ளைதான்.

மாத்திரையை மென்றாள், முகம் சுளித்தாள்,
வாய் நிறைய நுரையோடு கையை நீட்டினாள்.
"ஒரு வாய் தண்ணி போதும்டி," என்று சொம்பெடுத்தேன்.

அவள் குடிக்கவில்லை, கொப்பளிக்கவும் இல்லை.
நுரையோடு கேட்டாள்:
"இது ஆத்துத் தண்ணியா, போர்த் தண்ணியா?"