குறைவு

ஹெண்ணூர் ரோட்டில் அந்தப் பெட்ரோல் பங்கை மூடிப்
பதினாலு மாதம்.
பம்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
விலைப்பலகையில் ஒரு தனி எட்டு மட்டும்
இன்னும் தொங்குகிறது.

இன்றைக்குத் தொட்டியை எடுக்கிறோம்.
நேற்றே வடித்து,
உலர்பனிக் கட்டிகளை உள்ளே போட்டு,
அதன் மூச்சை அடக்கி வைத்தாயிற்று.
மீட்டர் சரி என்று சொல்லும்வரை
நெருப்பு கூடாது.
முஸ்தாக் கிரேனில் உட்கார்ந்து
பற்றவைக்காத பீடியைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

என் வேலை தொட்டி போன பிறகு.
அது படுத்திருந்த இடத்தில்
தலைமாட்டில், கால்மாட்டில், வயிற்றுக்கு நேர் கீழே
மண் எடுத்துக்
கண்ணாடிப் புட்டியில்
காற்றுக்கு இடம் விடாமல் அமுக்கி
ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும்.
எம்.எஸ்ஸி. வேதியியல்.
மண்ணள்ளப் போகிறாள் என்பார்கள் வீட்டில்.
பொய்யில்லை.

காத்திருக்க நாற்காலி கிடையாது.
இடித்த அலுவலகத்திலிருந்து வாட்ச்மேன் ஹனுமய்யா
பழைய லெட்ஜர்களைக் கட்டாகத் தூக்கிவந்து போட்டு
கூத்கொள்ளி மேடம் என்றார்.
உட்காரும் முன் ஒன்றைத் திறந்தேன்,
புத்தி அப்படி.

காலை ஆறு மணி. கோல் காட்டிய உயரம்.
இருப்பு. விற்றது.
கடைசிக் கட்டத்தில் சிவப்பு மசி:
குறைவு ஒன்பது லிட்டர்.
குறைவு பதினொன்று.
குறைவு பதினொன்று.
ஒவ்வொன்றின் பக்கத்திலும்
லூர்துநாதன் கணக்கில்.

யார் இது?
ராத்திரி ஷிப்ட். டிஜே ஹள்ளி ஆள். உங்க பாஷைதான்.
கோல் விட்டு அளக்கிறது அவன் வேலை.
முதலில் சம்பளத்தில் பிடித்தார்கள்,
அப்புறம் ஆளையே பிடித்தார்கள்.
ஸ்டேஷனில் ரெண்டு நாள்.
பிறகு?
பிறகு வரவில்லை.

பக்கத்தைப் புரட்டினேன்.
பதின்மூன்று. பதின்மூன்று. பதினைந்து.
புதுப் பெயர் ஒன்று.
மழைக்காலத்துக்கு அப்புறம் வேறொன்று.

மதியம் சங்கிலி இறுகியது.
சேற்றிலிருந்து கால் பிடுங்குகிற சத்தத்தோடு
மண் விட்டுக்கொடுத்தது.
இருபதாயிரம் லிட்டர் குடித்த இரும்பு
தார் பூசிய எருமைபோல
வெயிலில் தொங்கிச் சொட்டியது.

அடிவயிற்றில்,
அளவுக் குழாய்க்கு நேர் கீழே,
ஒரு மிளகு நுழையும் துளை.
வெட்டித் திறந்து விளக்கடித்துப் பார்த்தபோது
அதைச் சுற்றி உள்தகடு
உரலின் நடுபோலக்
குழிந்து, வழவழத்து.

பித்தளை முனை வைத்த கோல்
நாளைக்கு நாலு தடவை, முப்பது வருஷம்,
அதே இடத்தில் குத்தியிருக்கிறது.
எவ்வளவு இருக்கிறது
எவ்வளவு இருக்கிறது என்று
கேட்டுக் கேட்டே போட்ட ஓட்டை.
ஒழுங்காக அளந்தவன் போல லூர்துநாதன்,
அடி தட்டும்வரை இறக்கியிருக்கிறான்.

குழிக்குள் இறங்கினேன்.
பெங்களூர்ச் செம்மண் இல்லை அங்கே,
சாம்பல் ஓடிய பச்சை.
கரண்டியால் மேல்தோலைச் சீவினேன்,
தலைக்குள் ஏறியது நெடி.
சின்ன வயதில் பைக் டேங்கின் மேல் உட்கார்ந்து
ஆசையாக முகர்ந்த அதே நெடி.
கையிலிருந்த கருவி
அறுநூறைத் தாண்டிக் கத்தியது.

வயிற்றுக்குக் கீழே எடுத்தது ஏழாவது புட்டி.
ஆழம் மூன்றரை மீட்டர். நேரம் 2.40.
எடுத்தவர் கையொப்பம்.
குறிப்பு என்று கடைசியில் ஒரு கோடு,
கட்டைவிரல் நீளம்.

பதினொரு லிட்டர் கிடைத்தது
என்று எழுதப் பேனாவை வைத்தேன்.
ஆய்வகத்தில் சிரிப்பார்கள்.
நிறம் மாறியிருக்கிறது, நெடி உண்டு
என்று எழுதினேன்.

மேலே பில்டரின் ஆள் அவசரப்படுத்தினான்,
குழியை மூடப் புது மண் லாரியில் வந்து நிற்கிறதாம்.

ஐஸ் பெட்டியின் மூடி சரியாக உட்காரவில்லை.
அந்த ஒரு லெட்ஜரை மட்டும் எடுத்து
மேலே வைத்துக் கட்டினேன்.
எதற்கு என்றான் முஸ்தாக்,
பீடியைப் பற்றவைத்தபடி.
பாரத்துக்கு
என்றேன்.