வெளிச்சம் திரும்பி வரும்போது

மரக்காய்போவில் யாரும்
மின்சாரம் என்று சொல்வதில்லை.
வெளிச்சம் என்போம்.
வெளிச்சம் போச்சு, வெளிச்சம் வந்தாச்சு.
போவதற்குப் பழகிவிட்டோம்.
வருவதுதான் பயம்.

நூற்றிருபதாய் வரவேண்டியது
இருநூறாய் வரும்,
குடித்துவிட்டு வந்தவன்
தன் வீட்டுக் கதவையே உதைப்பதுபோல.
யுஸ்மேரியின் ஃபிரிட்ஜ் அப்படித்தான் போனது,
உள்ளே இரண்டு கிலோ மீனோடு.

நெரியோ மோட்டார் சைக்கிளை விற்று
ஆம்ப்ளிஃபயர் வாங்கினான்.
ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்,
லென்ஸில் கீறல் விழுந்த புரொஜெக்டர்.
கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தான்.
அதுதான் திரை.
உட்கார நாற்காலி எங்கே என்றேன்.
அது அடுத்த வருடம் என்றான்.

பிறகு தொடங்கியது காவல்.
புதிதாய் வாங்கிய சர்ஜ் புரொடெக்டரை
என் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு
மேசைமேல் பிரித்துப் போட்டான்.
உள்ளே மூன்று நீல வில்லைகள்,
சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.
இவ்வளவுதானா?
இவ்வளவுதான்.
மிஞ்சி வருவதை வாங்கி மண்ணுக்கு அனுப்பும்.
ஒருநாள் தாங்காமல் சாகும்.

ஆனால் எங்கள் சுவரில்
மண்ணுக்கு வழி இல்லை.
பிளக்கின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால்
கம்பியே கிடையாது.
ஒரு பல்லி முட்டை இருந்தது.

எலுமிச்சையடியில் எட்டடிச் செப்புக் கம்பியை
இரண்டு ஞாயிற்றுக்கிழமை அடித்து இறக்கினான்.
கரி கொட்டினான், உப்புக் கொட்டினான்,
நான் குளிக்க வைத்திருந்த தண்ணீரையும் கொட்டினான்.
எல்பிடியோ மதில்மேல் தலை நீட்டி
எண்ணெய் வந்தால் எனக்கொரு பீப்பாய் என்றார்.
இந்த ஊரில் எவன் தோண்டினாலும்
இதே ஜோக்தான்.

மேகம் கறுத்தால் ஆன்டெனா வயரையும் கழற்றுவான்.
வாசலில் காவல் போட்டுவிட்டு
சன்னலைத் திறந்து வைப்பாயா என்பான்.
சுவரில் ஒரு தாள் ஒட்டினான்:
போனால் பிடுங்கு.
வந்தால் பத்து நிமிடம் பொறு.
பிறகு செருகு.

இப்போது என் பங்கு.

ஆகஸ்ட். அவனுக்கு இரவு வேலை.
படுக்கையறை பிளக் தீய்ந்து கிடந்தது.
பாயை இழுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.
காற்றில்லாமல் உடம்பு வெந்தது.
காவல் பெட்டியில் ஆறு இடம், ஆறும் நிறைந்திருந்தது.
ஏதோ ஒரு கறுப்பு வயரைப் பிடுங்கி
வெறும் சுவரில் செருகினேன்.
அந்த இடத்தில் என் மின்விசிறி.
எந்த வயர் என்று பார்க்கவில்லை.
இல்லை, பார்த்தேன்.

மூன்று பத்துக்கு வெளிச்சம் போனது.
தாள் சொன்னபடி
எழுந்து எதையும் பிடுங்கவில்லை.
மூன்று பதினேழுக்கு வந்தது.
தெருவே கைதட்டியது.
கைதட்டலுக்கு நடுவே
அங்கங்கே டப், டப்.
பெட்டியின் பச்சைப் பொட்டு அணைந்தது.
சப்வூஃபர் ஒருமுறை இருமியது.
விசிறி மட்டும்
எதுவும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.

காலையில் வந்து
வில்லைகளை மேசையில் வரிசையாய் வைத்தான்.
இரண்டு வெடித்துக் கருகியிருந்தன, ஒன்று முழுசு.
ஆம்ப்ளிஃபயர் பிழைத்தது, புரொஜெக்டர் பிழைத்தது.
பிறகு சப்வூஃபரை மோந்து பார்த்தான்.
அதன் வயரின்மேல் விரல் வைத்து
சுவர்வரை நடந்தான்.
விசிறியின் வயரில் விரல் வைத்து
பெட்டிவரை நடந்தான்.
நான் வாழைக்காய் வறுவலைப்
புரட்டிக்கொண்டே இருந்தேன்.
ஏற்கெனவே புரட்டியதையும்.

ஒன்றும் கேட்கவில்லை அவன்.
கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை பதின்மூன்று பேர் தரையில்.
படத்தில் கப்பல் இரண்டாய்ப் பிளந்தது,
அடுக்களையில் கரண்டி விழுந்த சத்தத்தில்.
கடல் பொங்கியது,
யாரோ காப்பி ஆற்றுவதுபோல.
சன்னலுக்கு வெளியே, ஏரிக்கு அப்பால்,
கட்டாடும்போ மின்னல் தன் பாட்டுக்கு வெட்டியது,
எங்களுக்கு எப்போதும்போல் சத்தமே இல்லாமல்.
ரெண்டும் ஒரே கம்பெனி போல என்றார் எல்பிடியோ.
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.

புதுப் பெட்டியில் ஏழு இடம்.
இருட்டில் நெரியோ
திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்:
விசிறியைக் கொஞ்சம்
இந்தப் பக்கமும் திருப்பு.